கிறிஸ்டினா ரொசெட்டி வெறும் 'காதல் தோல்விக் கவிஞர்' தானா?

கேட்பவர்: திண்ணைவாசி

எல்லோருக்கும் வணக்கம். நான் காமர்ஸ் படித்தவள், அதுவும் தமிழ் மீடியம், கவிதைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே எனக்கும் ஆர்வம் வந்து, அவள் தூங்கின பிறகு அவளுடைய புத்தகங்களை எடுத்துப் புரட்டுவேன். போன வாரம் 'ரிமெம்பர்' என்று ஒரு பதினாலு வரிக் கவிதை. எழுதியவர் கிறிஸ்டினா ரொசெட்டி.

அவள் வைத்திருக்கும் கைடில் இவரைப் பற்றி இரண்டே பத்தி. 1830இல் லண்டனில் பிறந்தார், இரண்டு முறை கல்யாணப் பேச்சு முறிந்தது, கடைசிவரை தனியாக இருந்தார், பக்தி அதிகம், சாவைப் பற்றியே எழுதினார், ஆகவே கவிதைகளில் சோகம். அவ்வளவுதான். அந்த 'ஆகவே' எனக்கு உறுத்துகிறது. அகராதி வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். என்னை நினைத்துக்கொள், நினைத்துக்கொள் என்று ஆரம்பித்து, கடைசியில் 'நினைத்து வருந்துவதைவிட மறந்துவிட்டுச் சிரித்தபடி இரு, அதுவே மேல்' என்று முடிக்கிறார். அழுதுகொண்டு எழுதியவர் மாதிரி எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ ஒரு அழுத்தம், ஒரு பிடிவாதம் இருக்கிறது. நானாகக் கற்பனை செய்கிறேனா?

இன்னொன்று. இவர் எழுதிய குட்டிச்சாத்தான் கவிதை (கோப்ளின் மார்க்கெட்) சிறுவர்களுக்கானது என்று அதே கைடு சொல்கிறது. இரண்டு பக்கம் படித்துப் பார்த்தேன். எந்தக் குழந்தைக்கு இதைப் படித்துக் காட்டுவது? எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: கடைசிபெஞ்ச்

கற்பனை இல்லை அம்மா, சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். இருபத்தைந்து வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். முதல் பத்து வருடம் நானும் அந்த 'ஆகவே'யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், மன்னிக்கவும்.

முதலில் ஒரு கணக்கு. 'ரிமெம்பர்' எழுதியது 1849 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 18. ஜேம்ஸ் காலின்சன் என்ற ஓவியருடன் நிச்சயமாகியிருந்த காலம் அது, முறிந்ததோ 1850இல்தான். காலின்சன் கத்தோலிக்க சபைக்குத் திரும்பிப் போனார், இவர் இங்கிலாந்து சபையில் உறுதியாக இருந்தவர், அதனால் முறிந்தது. அப்படியானால் காதல் தோல்வியால் எழுதிய கவிதை என்று எப்படிச் சொல்வது? தோல்வி வருவதற்கு முந்தின வருடமே கவிதை வந்துவிட்டதே.

இப்போது ஐந்தாவது, ஆறாவது வரிகளை மறுபடி பாருங்கள். தோராயமாகச் சொன்னால், 'நீ திட்டமிட்ட நம் எதிர்காலத்தைப் பற்றித் தினம் தினம் எனக்குச் சொல்ல முடியாத நாள் வரும்போது என்னை நினைத்துக்கொள்' என்கிறார். எதிர்காலம் 'நம்'முடையது, ஆனால் திட்டம் போட்டது 'நீ'. இவள் வேலை கேட்டுக்கொண்டிருப்பது. இரண்டே சின்னச் சொற்களில் ஒரு உறவு முழுக்கத் தெரிந்துவிடுகிறது, குற்றம் சாட்டின மாதிரியும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், பெண்பிள்ளைகள் குனிந்து அடிக்கோடு போடுவார்கள்.

அதற்கு இரண்டு வரி முன்னால், 'போக அரைவாசி திரும்பி, பிறகு திரும்பியும் நின்றுவிடுவேனே, அது இனி முடியாது' என்று ஒரு இடம். சாவு வந்தால் அந்தத் தயக்கம் முடிந்துவிடும் என்கிறார். அவளுக்கு அது நஷ்டமா, நிம்மதியா? கவிதை சொல்ல மாட்டேன் என்கிறது. பதினாலு வரிக்குள் ஐந்து தடவை 'நினைத்துக்கொள்' வருகிறது, முதல் எட்டு வரியில் மட்டும் மூன்று. ஒன்பதாவது வரியில் திருப்பம். அங்கே முதல் தடவையாக 'மறந்தால்' என்ற சொல் நுழைகிறது, அதன் பிறகு கவிதை வேறு திசைக்குப் போய்விடுகிறது. அனுமதி கொடுப்பது போலவும் இருக்கிறது, 'உன் நினைவு எனக்கு அவ்வளவு அவசியம் இல்லை' என்பது போலவும் இருக்கிறது. நீங்கள் பிடிவாதம் என்றீர்களே, அதுதான்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்றால், வீடு அப்படி. அப்பா காப்ரியேலே ரொசெட்டி இத்தாலியிலிருந்து அரசியல் காரணத்தால் தப்பி வந்தவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலிய மொழிப் பேராசிரியர். அம்மா ஃபிரான்செஸ் பொலிடோரி, கவிஞர் பைரனுக்கு மருத்துவராக இருந்து ரத்தக்காட்டேரிக் கதை எழுதிய ஜான் பொலிடோரியின் தங்கை. நான்கு பிள்ளைகள், வருடத்துக்கு ஒன்று. மரியா, தாந்தே காப்ரியேல், வில்லியம், கடைசியில் கிறிஸ்டினா. அண்ணன் தம்பி அக்கா தங்கை உட்கார்ந்து விளையாட்டு என்றால் என்ன விளையாட்டு தெரியுமா? ஒருவர் பதினாலு இயைபுச் சொற்களை மட்டும் எழுதிக் கொடுப்பார், மற்றவர் சில நிமிடத்தில் அந்தச் சொற்களை வைத்து ஒரு சானட் (பதினாலு வரிக் கவிதை) முடிக்க வேண்டும். நம் ஊரில் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்களே, அந்த ஜாதி. இப்படி விளையாடி வளர்ந்த பெண்ணுக்கு யாப்பு, கை விரல் மாதிரி. 16 வயதில் அம்மாவழித் தாத்தா தன் சொந்த அச்சில் முதல் தொகுப்பையே அடித்துக் கொடுத்துவிட்டார், அது 1847.

ஆனால் சுகமாக வளர்ந்தார் என்று நினைக்காதீர்கள். 1843 வாக்கில் அப்பாவுக்கு உடம்பும் கண்ணும் போய்விட்டன. அம்மாவும் அக்காவும் பாடம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பினார்கள், வில்லியம் சின்ன வயதிலேயே வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் போனார். அம்மாவும் கிறிஸ்டினாவும் சின்னப் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தார்கள், ஓடவில்லை.

---

பதில்: பனங்கற்கண்டு

டீச்சர் பதிலுக்குப் பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது, இருந்தாலும் குட்டிச்சாத்தான் விஷயத்துக்கு வருகிறேன், அது என் செல்லக் கவிதை.

கதை தெரியாதவர்களுக்கு: லாரா, லிஸி என்று இரண்டு சகோதரிகள். சாயங்காலம் ஓடைக்கரையில் குட்டிச்சாத்தான்கள் பழம் விற்கக் கூவிக்கொண்டு போகும், 'வாங்க வாங்க' என்று. லாராவிடம் காசு இல்லை, தன் பொன் நிற முடியில் ஒரு சுருளை வெட்டிக் கொடுத்துச் சாப்பிடுகிறாள். அதன் பிறகு அந்தக் கூவல் அவள் காதில் விழவே விழாது. ஏங்கி ஏங்கி வாடிப்போகிறாள், தலை நரைக்கிறது. இதற்கு முன்னால் ஜீனி என்ற பெண் இப்படித்தான் செத்துப்போனாள். லிஸி ஒரு வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு தங்கைக்காகப் பழம் வாங்கப் போகிறாள். இங்கேயே உட்கார்ந்து எங்களோடு சாப்பிடு என்கிறார்கள். மாட்டேன் என்றதும் அடிக்கிறார்கள், கிள்ளுகிறார்கள், பழத்தை வாயில் வைத்துத் திணிக்கிறார்கள், அவள் வாயைத் திறக்கவே இல்லை. முகம் முழுக்கச் சாறு வழிய வீட்டுக்கு ஓடி வந்து, 'என்மேல் இருக்கும் சாற்றை எடுத்துக்கொள்' என்கிறாள். இந்தத் தடவை சாறு லாராவுக்குக் கசக்கிறது, குணமாகிறாள்.

திண்ணைவாசி அக்காவுக்கு ஒரு மாதிரி ஆனதில் ஆச்சரியமே இல்லை. இதைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் குழந்தைப் புத்தகமாகப் படம் போட்டு விற்றது விற்பவர்கள் பாடு.

என்னைப் பிடித்து இழுப்பது ஆரம்பத்தில் வரும் பழப் பட்டியல். ஆப்பிள், எலுமிச்சை, ஆரஞ்சு, செர்ரி, முலாம்பழம், பீச், மல்பெரி, அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, மாதுளை, பேரீச்சை, அத்தி. மூச்சு விடாமல் கூவுகிறார்கள். சந்தைக்குப் போய்ப் பழகின யாருக்கும் உடனே ஒரு சந்தேகம் வரும், இதெல்லாம் ஒரே பருவத்தில் எப்படிப் பழுக்கும்? கவிதையே சொல்கிறது, எல்லாம் சேர்ந்தே பழுத்தவை என்று. அதுதான் பொறி. இந்தப் பழம் எந்த மரத்துப் பழமும் இல்லை. லாரா மிச்சம் வைத்த கொட்டையை ஊன்றிக் கண்ணீரால் நனைத்துப் பார்ப்பாள், முளைக்காது. எனக்கு இது பெரிய இடம்.

ஓசையையும் சொல்ல வேண்டும். வரி ஒரு இடத்தில் இரண்டே சொல், அடுத்தது நீளம், இயைபு எங்கே வரும் என்று தெரியாது. ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஜான் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, ஒழுங்கில்லாத யாப்புதான் இன்றைய கவிதைக்குப் பிடித்த கேடு, உன் தங்கை முதலில் சாதாரண யாப்பில் கடுமையாகப் பயிற்சி எடுக்கட்டும், இப்படியே இருந்தால் எந்தப் பதிப்பாளரும் எடுக்க மாட்டார் என்று அண்ணன் தாந்தே காப்ரியேலுக்கு எழுதினார். யாப்பு தெரியாதவள் என்று நினைத்துவிட்டார் பாவம், பதினாலு இயைபுச் சொல் கொடுத்தால் நிமிடத்தில் சானட் போடுபவரை!

அதே வருடம், 1861, பதிப்பாளர் அலெக்ஸாண்டர் மேக்மில்லன் இதைக் கேம்பிரிட்ஜில் உழைக்கும் ஆட்களின் சங்கம் ஒன்றில் வாசித்துக் காட்டினார். முதலில் இவர் நம்மைக் கிண்டல் செய்கிறாரோ என்று முழித்தார்களாம், போகப் போகச் செத்த வீடு மாதிரி அமைதி, முடித்ததும் பலத்த கைதட்டல். 1862இல் புத்தகமாகப் போட்டுவிட்டார். எழுதியபோது கிறிஸ்டினா வைத்த தலைப்பு வேறு, 'கோப்ளின் மார்க்கெட்' என்ற பெயரும் உள்ளே இருந்த இரண்டு படமும் தாந்தே காப்ரியேல் கொடுத்தவை.

இன்னொரு விஷயம், 1859 தொடங்கிப் பத்து வருடம் போல அவர் ஹைகேட்டில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் தொண்டு செய்தார். ஊரார் 'கெட்டுப்போனவள்' என்று ஒதுக்கின பெண்களுக்கான இடம் அது. கவிதையும் 1859 ஏப்ரலில் எழுதியதுதான். லாரா சாகாமல் பிழைக்கிறாள், கல்யாணம் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. விக்டோரியா காலக் கதைகளில் தப்பு செய்த பெண்ணுக்கு ஆறு, குளம், தூக்குக்கயிறு என்று எழுதிவைத்திருந்த நேரத்தில் இது.

(குட்டிச்சாத்தான்களில் ஒன்று வாம்பாட் என்ற ஆஸ்திரேலியப் பிராணி மாதிரி இருக்கும். ரொசெட்டி வீட்டாருக்கு லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் அந்தப் பிராணிமேல் பைத்தியம். பிற்பாடு தாந்தே காப்ரியேல் ஒன்றை வாங்கியே வளர்த்தார்.)

---

பதில்: எதிர்க்கட்சி

எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்போது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சாய்கிறோம். சோகக் கவிஞர் என்ற முத்திரையை எடுத்துவிட்டுப் புரட்சிக் கவிஞர் என்று குத்திவிட வேண்டாம்.

பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று 1889இல் ஒரு கூட்டறிக்கை வந்தது, அதில் இவர் கையெழுத்து உண்டு. அகஸ்டா வெப்ஸ்டர் என்ற கவிஞர் ஓட்டுரிமை இயக்கத்துக்கு ஆதரவு கேட்டபோதும் மறுத்தார். மதப் பற்று என்றால் லேசான பற்று இல்லை. சதுரங்கம் ஆடுவதை விட்டுவிட்டார், ஏன் என்றால் ஜெயிப்பதில் ஆசை அதிகமாகிறதாம். ஸ்வின்பர்ன் என்ற கவிஞரின் புத்தகத்தில் கடவுளைத் திட்டும் வரிகள்மேல் காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிட்டுப் படித்தார். (புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை, ஒட்டிவிட்டுப் படித்தார், கவனியுங்கள்!) ஸ்வின்பர்னும் கோபித்துக்கொள்ளாமல் 1883இல் ஒரு தொகுப்பை இவருக்கே சமர்ப்பித்தார்.

இரண்டாவது கல்யாணப் பேச்சும் அப்படித்தான். சார்லஸ் கேலி, பழைய இத்தாலியக் கவி தாந்தேயை மொழிபெயர்த்தவர், மறதிக்கார நல்ல மனுஷன். 1866இல் கேட்டார். இவருக்கும் பிரியம் இருந்தது. அவருடைய நம்பிக்கை போதாது என்று மறுத்துவிட்டார், ஆனால் 1883இல் அவர் சாகும்வரை நட்பு விட்டுப்போகவில்லை. இது 'தோல்வி' இல்லை என்று டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், இவர் எடுத்த முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க வைத்தது பக்தி. பக்தியைக் கழித்துவிட்டு இவரைப் படித்தால் பாதிதான் கிடைக்கும். நான் ஆரம்பிக்கச் சொல்வது 'அப்-ஹில்'. வழிப்போக்கன் கேட்கிறான், யாரோ பதில் சொல்கிறார்கள். பாதை முழுக்க ஏற்றமா? ஆமாம், கடைசிவரை. ராத்திரி தங்க இடம் உண்டா? உண்டு. வருகிற எல்லோருக்கும் படுக்கை இருக்குமா? இருக்கும். கேள்வி பதில், பதினாறே வரி. சத்திரமா, சமாதியா என்று கடைசிவரை சொல்ல மாட்டார். சோகமா இது? எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும்.

---

பதில்: கடைசிபெஞ்ச்

எதிர்க்கட்சி சார், பெயருக்கேற்ற வேலை செய்தீர்கள், நன்றி. பக்தியை ஒதுக்கக் கூடாது, ஏற்கிறேன். ஆனால் வெப்ஸ்டருக்கு எழுதிய அதே கடிதத்தில், அப்படி ஓட்டு கொடுப்பதென்றால் கல்யாணமான பெண்களை மட்டும் ஏன் விடுகிறீர்கள், பெண்கள் நாடாளுமன்றத்துக்கும் போகட்டுமே என்றும் கேட்டிருக்கிறார். மறுப்பவரின் தர்க்கம் கேட்டவரைவிட ஒரு படி முன்னால் ஓடுகிறது. இவரை எந்தப் பெட்டியிலும் முழுசாக அடைக்க முடியாது, ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணன் தாந்தே காப்ரியேல் வரைந்த ஆரம்ப கால ஓவியங்களில் கன்னி மரியாளுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் கிறிஸ்டினாதான். படுக்கையில் சுவரோடு ஒடுங்கி, வந்து நிற்கும் தேவதூதனைப் பார்த்து மிரண்ட மாதிரி ஒரு பெண், இப்போது டேட் பிரிட்டன் காட்சியகத்தில் இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து, வரைபவரின் கண் தன்மேல் எப்படி மேய்கிறது என்று பார்த்தவர் அவர்.

அந்த அனுபவம் 'இன் அன் ஆர்டிஸ்ட்ஸ் ஸ்டூடியோ'வில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1856 டிசம்பர். அண்ணன் அப்போது எலிசபெத் சிடால் என்ற பெண்ணையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். எல்லாச் சீலையிலும் ஒரே முகம், அரசியாக, பச்சை உடுப்பில் பெயரில்லாத பெண்ணாக, புனிதையாக, தேவதையாக. 'இரவும் பகலும் அவள் முகத்தைத் தின்கிறான்' என்று ஒரு வரி. அவள் இப்போது இருக்கிறபடி இல்லை, அவன் கனவை நிரப்புகிறபடி. குட்டிச்சாத்தான் கவிதையிலும் தின்பது, இங்கேயும் தின்பது, ஆனால் இங்கே தின்னப்படுவது பெண். அந்தச் சானட்டை உயிரோடு இருந்தவரை அச்சில் விடவில்லை. 1896இல், அவர், அண்ணன், சிடால் மூவரும் போன பிறகுதான் வில்லியம் வெளியிட்டார்.

1881இல் வந்த 'மொன்னா இன்னொமினாத்தா' இதற்குப் பதில் மாதிரி. பதினாலு சானட், பதினாலு தடவை பதினாலு வரி. தாந்தேயும் பெத்ரார்க்கும் பெண்களைப் பாடிப் பாடிப் பெரிய ஆட்களானார்களே, அந்தப் பெண்கள் தாங்களே பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று முன்குறிப்பில் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறார். மகளிடம் சொல்லுங்கள், அந்த முன்குறிப்பை விடாமல் படிக்கச் சொல்லி.

---

பதில்: மூன்றாம்குரல்

நான் இலக்கியம் படித்தவன் இல்லை, சர்ச் பாடகர் குழுவில் டெனர். 'இன் த பிளீக் மிட்விண்டர்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு இவர் எழுதியது என்று இந்த இழையைப் பார்த்துவிட்டு இவரைத் தேடியபோதுதான் தெரிந்தது, இத்தனை வருடம் இசையமைத்தவர் பெயர் மட்டும் தாளில் பார்த்திருக்கிறேன். 1872இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் கவிதையாக வந்ததாம். ஹோல்ஸ்ட் மெட்டுப் போட்டது 1906. இவர் இறந்தது 1894 டிசம்பர் 29, கிறிஸ்துமஸ் முடிந்து நாலாம் நாள். ஆக, தன் பாட்டு இந்த மெட்டில் பாடப்பட்டதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதில் 'பனிமேல் பனி, பனிமேல் பனி' என்று ஒரு இடம் வரும். எங்கள் ஊரில் டிசம்பரிலும் ஃபேன் ஓடும், அங்கி உள்ளே வேர்த்துக் கொட்டும், இருந்தாலும் அந்த இடத்தில் குழுவே தானாகக் குரலைத் தாழ்த்திவிடும். மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது இல்லை.

---

பதில்: பனங்கற்கண்டு

அதே 1872இல் 'சிங்-சாங்' என்று நிஜமாகவே குழந்தைகளுக்கான பாட்டுப் புத்தகமும் வந்தது. 'காற்றைப் பார்த்தவர் யார்? நீயும் இல்லை, நானும் இல்லை' பாட்டு அதில்தான், நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்போம். அனுமதி கேட்காமல் ஒரு கைக்குழந்தைக்குச் சமர்ப்பணம் செய்திருப்பார். அந்தக் குழந்தை வேறு யாருமில்லை, இவர் வேண்டாம் என்று சொன்ன அதே கேலியின் அண்ணன் பிள்ளை. அண்ணன் ஆர்தர் கேலி, கணக்குக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் வேலையில் இருந்தபோதே கிறிஸ்டினாவுக்குத் தைராய்டு நோய் முற்றி, கண் பிதுங்கி, முகமே மாறிப்போனது.

---

பதில்: திண்ணைவாசி

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக டீச்சருக்கு. 'நீ திட்டமிட்ட நம் எதிர்காலம்' என்ற இடத்தை மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அம்மா, அப்பா வீடு கட்டுற பிளானைப் பற்றிப் பேசும்போது நீ இப்படித்தான் உட்கார்ந்திருப்பே' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல வேளை.

பரீட்சையில் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். கைடில் இருக்கிறதை எழுதினால்தான் அஞ்சு மார்க், ஆனால் காலின்சன் தேதியை மட்டும் அடைப்புக்குறியில் போட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். போடட்டும்.

எதிர்க்கட்சி சார் சொன்ன 'அப்-ஹில்' நேற்று ராத்திரி படித்தேன், அகராதி ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. இனி குட்டிச்சாத்தான் கவிதையை முழுசாகப் படிக்கலாம் என்று பார்த்தால் புத்தகத்தை அவள் ஹாஸ்டல் சிநேகிதிக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். லிஸி வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடத்தில் நிற்கிறேன். முடிவைத்தான் பனங்கற்கண்டு ஏற்கனவே சொல்லிவிட்டாரே.